வெட்டிய படத்தில் மிச்சமிருந்த கை

எனக்கு மட்டும் நல்லவராக இருந்த அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஓராண்டு ஆகிறது. உங்கள் நல்ல குணங்களை எழுதிப் பத்திரிகையில் நினைவஞ்சலி போடச் சொல்கிறார்கள். நான் இதை எழுதுகிறேன்.

பிரிக்பீல்ட்ஸ் பாலர் பள்ளியில்தான் இன்னும் இருக்கிறேன். "பிள்ளைங்கள பார்த்துக்குற வேலைக்கா டிகிரி படிச்சே?" என்று கேட்டீர்களே, அதே இடம். பதினான்கு பிள்ளைகள். நான்கு பேருக்கு உடலிலோ பேச்சிலோ குறை உண்டு. எல்லோருக்கும் ஒரே வகுப்பு, ஒரே பாய்.

அதில் கவின் என்று ஒருவன், நான்கு வயது, டவுன் சிண்ட்ரோம். அவன் அம்மாதான் தினமும் கொண்டுவந்து விடுவார். போன மாதம் ஒருநாள், எல்லோரும் போன பிறகு அவன் அப்பா வந்தார்.

"டீச்சர், பேரன்ட்ஸ் வாட்ஸ்அப் குரூப்ல போட்டோ போடும்போது என் பையன மட்டும் கட் பண்ணிடுங்க லா. என் மேனேஜர் பிள்ளையும் இங்கதான் படிக்குது. அவருக்கு இவனப் பத்தித் தெரியாது."

சிரித்துக்கொண்டே கேட்டார். அப்படியே உங்கள் சிரிப்பு.

நான் வெட்டினேன், அப்பா. இரண்டு வாரம். வெட்ட வசதியாக அவனை ஓரத்தில் நிற்க வைத்ததும் நான்தான். இதை எங்கே கற்றேன்? கிள்ளானில் ஸ்டூடியோவுக்குப் போன அன்று, நடக்க முடியாத சாந்தி அக்காவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நாம் மூன்று பேர் படம் எடுத்தோம். அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் அக்கா தினமும் சாப்பிட்டாள். என்ன நினைத்திருப்பாள்?

என்னைக் கையும் களவுமாகப் பிடித்தது தர்ஷினி, ஐந்து வயது. என் போனில் வெட்டிய படத்தைப் பார்த்துவிட்டு, "டீச்சர், என் தோள்ல யாரு கை?" என்றாள். பக்கத்தில் இருந்த கவின் தன் கையைத் தூக்கிக் காட்டினான்.

அன்று மாலை குரூப்பில் எழுதினேன்: இனி எல்லாப் பிள்ளைகளும் இருக்கும் படம்தான் வரும், இல்லையென்றால் படமே வராது. யார் பெயரையும் சொல்லவில்லை. கவினின் அப்பா உடனே அழைத்தார்.

"சின்ன உதவி கேட்டேன், பெரிசாக்கிட்டீங்க. திங்கக்கிழமையில இருந்து அவன அனுப்ப மாட்டேன்."

"போட்டோ வேணாம்னா எடுக்கல சார். ஆனா அவன மட்டும் வெட்ட மாட்டேன்."

போனை வைத்துவிட்டார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் எனக்கு அதே நினைப்புதான். இப்போதுதான் அவனுக்கு இரண்டு சொல் சேர்த்துப் பேச வருகிறது. என் வீம்பால் அது நின்றுபோனால்? அப்போதும் உங்கள் மேல்தான் ஆத்திரம் வந்தது.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு அவரே காரில் வந்தார். வாசலில் மற்ற பெற்றோரோடு மேனேஜரின் மனைவியும் நின்றிருந்தார். இவர் மகனைத் தூக்கி இறக்கினார், பையை மாட்டிவிட்டார். "போட்டோ வேணாம். படிக்கட்டும்," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அவர் மேல் எனக்கு இன்னும் மரியாதை வரவில்லை. ஆனாலும் அத்தனை பேர் பார்க்க மகனை இறக்கிவிட்டார். நீங்கள் அக்காவை எந்தப் பள்ளி வாசலுக்காவது கொண்டுபோனீர்களா? முப்பத்திரண்டு வயதில் அவள் என்னிடம் தன் பெயரை எழுதப் பழகுகிறாள். 'சா' வந்துவிட்டது.

உங்களை மன்னிக்கச் சொல்கிறார் அம்மா. என்னால் முடியாது. ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். இனி வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அக்காவைத்தான் அறிமுகப்படுத்துவேன். உங்களைப் பற்றி, அவர்கள் கேட்டால் சொல்வேன்.

இப்படிக்கு,
சாந்தியின் தங்கை