அப்பாவுக்கு எழாத கை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. உடம்புக்கு நாங்கள் இருவரும் நலம், மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, போன தடவை பேசியபோது உன் குரல் கரகரவென்று இருந்தது. குரல் என்று எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது, இந்த வீட்டில் இப்போது வேறு பேச்சே இல்லை.

நம் சேர்ந்திசை மன்றத்தின் குரல் சோதனை உனக்கு நினைவிருக்கும். மேடைத் திரையை இழுத்துவிட்டு, பாடுகிறவர் உள்ளே, நடுவர்கள் மூன்று பேர் வெளியே. மன்றத்தை ஆரம்பித்தவர் தன் மைத்துனனையே முன்வரிசையில் நிறுத்தி ஊர் வாயில் விழுந்த பிறகு கொண்டுவந்த ஏற்பாடு. யார் பாடுவது என்று தெரியக்கூடாதாம், காலமெல்லாம் சேர்ந்து பாடுகிறவர்களுக்குத் தும்மினாலே ஆள் தெரிந்துவிடும்! குரல் சரியென்றால் நடுவர் கையைத் தூக்க வேண்டும், இல்லையென்றால் சும்மா இருக்க வேண்டும், இரண்டு கையாவது எழுந்தால்தான் வரிசையில் இடம், யார் தூக்கவில்லை என்பது வெளியே போகக்கூடாது. இந்தத் தடவை ஆண்களின் கீழ்க்குரல் வரிசைக்குச் சோதனை, நடுவர்களில் ஒருத்தி நான். வேண்டாம் என்று தலைதலையாய் அடித்துக்கொண்டேன். "அதான் திரை இருக்கே, அப்புறம் என்ன புருஷன் பொண்டாட்டி?" என்று செயலாளர் என் வாயை அடைத்துவிட்டார்.

உன் அப்பா உள்ளே போய் வழக்கம்போல இரண்டு தடவை செருமினார். அதோடு முடிந்தது ரகசியம். அவர் பாடி முடித்ததும் பல் டாக்டர் கையைத் தூக்கினார், தையல்கடை அம்மா தூக்கவில்லை, இரண்டு பேரும் என் கையையே பார்த்தார்கள். நான் என்ன செய்வேன், நீயே சொல். போன ஆண்டு விழாவில் பியானோ இல்லாமல் பாடும் இடத்தில் இவர் சுருதி இறங்கிக்கொண்டே போக, மூத்தவர் தப்பாகப் பாடுவாரா என்று அந்த வரிசையே மரியாதையாகக் கூட இறங்க, அவர்களோடு நாங்களும் இறங்கி, கடைசியில் பியானோ வந்து சேர்ந்தபோது தகரத்தைச் சுரண்டிய மாதிரி இருந்தது. ஜனங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். காது டாக்டரிடம் வாருங்கள் என்று எத்தனை கெஞ்சியிருப்பேன், "என் காதுக்கு என்ன கேடு, நீதான் முணுமுணுக்கற" என்பார். என் கை மடியை விட்டு எழவில்லை. அதோடு வரிசையில் உன் அப்பாவின் இடம் போயிற்று.

வீட்டுக்கு வந்து ஒரு ஆட்டம் ஆடினார் பார். "எந்தக் காது கேக்காத ஜென்மம் கையத் தூக்கல, சொல்லு" என்று என்னிடமே கேட்கிறார். மன்றத்து விதி, சொல்லக்கூடாது என்று அடுப்படிக்குள் போய்விட்டேன். அடுத்த ஒத்திகைக்கு முதல்முறையாகத் தனியாகப் போனேன். என் முறை வந்ததும் வாயைத் திறந்தேன், சுரம் எங்கோ போய் விழுந்தது. பாட்டு டீச்சர் மொத்தப் பேரையும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் நின்று இவர் எடுக்கும் சுரத்திலிருந்துதான் இத்தனை வருஷமும் நான் என் சுரத்தைப் பிடித்திருக்கிறேன், அது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. அவமானமாக இருந்தது, அழுகையும் வந்தது.

இதோடு விட்டதா? வரிசையை விட்டு வந்தவரை அடுத்த சோதனைக்கு நடுவராக உட்கார வைப்பது மன்றத்து வழக்கம். அடுத்தது பெண்களின் வரிசை, அதாவது நான். கூப்பிட்டதும் ஒத்துக்கொண்டு, "நடுவர்னா காது சுத்தமா இருக்கணும்ல" என்று தானாகவே டாக்டரிடம் போய்க் காதுக்கு மிஷின் மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறார் இந்த மனிதர்! இதைக் கொஞ்சம் முன்னால் செய்திருந்தால் என் பின்னாலேயே நின்றிருப்பாரே. அவர் வரிசைக்கு மறுபடி சோதனை வர இன்னும் மூன்று வருஷம் ஆகும். எனக்கு வரும் ஆத்திரத்துக்கு அளவில்லை.

அவர் எனக்குக் கை தூக்குவாரா மாட்டாரா என்பதல்ல என் பயம். அன்றைக்கு என் கை எழாதது தெரியாமல் தூக்கிவிட்டால் அதை வைத்துக்கொண்டு நான் எப்படிப் பாடுவேன்? அதனால் சோதனைக்கு முன்னால் அவரிடம் நானே சொல்லிவிடப் போகிறேன். விதி கிடக்கட்டும்.

நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். வெந்நீர் குடி, தொண்டையைப் பார்த்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் பேசும்போது பழைய பழக்கத்தில் கத்தாதே, மெதுவாகச் சொன்னாலே இப்போது அவருக்குக் கேட்கிறது. நான்தான் இன்னும் சொல்லவில்லை.

ஆசிகளுடன்,
உன் அம்மா