செம்மறிகள் மைதானத்தை விட்டு இறங்காத சனிக்கிழமை

அன்புள்ள டார்சி,

இங்கே நானும் அப்பாவும் நலம், அவருடைய இடது முழங்காலைத் தவிர. பெர்த்தில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், நம் ஊர் ரக்பி கிளப் பிழைத்துவிட்டது. நீ எலக்ட்ரீஷியன் பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவர வேண்டியதில்லை. "ஆள் பத்தாம கிளப்பை மூடுனா அது நான் கிளம்பி வந்ததாலதாம்மா, நான் திரும்பி வந்துடறேன்" என்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. இந்தப் பருவத்தில் ஏற்கெனவே இரண்டு தடவை ஆள் இல்லாமல் ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டோம், மூன்றாவது தடவையும் அப்படி ஆனால் லீக்கிலிருந்தே நீக்கிவிடுவார்கள் என்பது உனக்குத் தெரியும்.

சனிக்கிழமை கடைசி ஆட்டம், எதிர் டீம் முல்கண்டிக்காரர்கள் பஸ் நிறைய வந்து இறங்கினார்கள். நம் பக்கம் ஒன்பது பேர்தான். குறைந்தது பதினோரு பேர் வேண்டும். நம் டீம் ப்ரோடியும் இன்னும் மூன்று பையன்களும் ஆற்றுக்கு அந்தப் பக்கப் பண்ணையில் ரோமம் கத்தரிக்கப் போயிருந்தார்கள், மழையில் செம்மறிகள் நனைந்து வேலை தள்ளிப்போய்விட்டது, முடித்துவிட்டு நேரே வருகிறோம் என்று தகவல் மட்டும் வந்தது. அப்போதுதான் பார்க்கிறோம், மைதானம் முழுக்க நம் செம்மறிகள். வாரமெல்லாம் அவற்றை விட்டுப் புல்லை மேயவைத்து, வெள்ளிக்கிழமை மாலை ஓட்டிவிடுவது அப்பா வேலைதானே, அவர் மறந்துவிட்டாராம். முல்கண்டி கோச் கெர்ரி வேலிமேல் சாய்ந்துகொண்டு, "என்ன நெவில், இன்னிக்கு உங்க டீம் இதுதானா? பரவால்ல, போன வருஷத்து டீமை விட நல்லாத்தான் ஓடுது!" என்று அப்பாவைப் பார்த்துக் கத்தினான். நடுவர் மட்டும் சிரிக்கவில்லை. மைதானம் காலியாகும்வரை கடிகாரத்தை ஓட்ட முடியாது, அதுவரை ஆள் குறைவு என்று ஆட்டத்தைப் பறிக்கவும் முடியாது என்று சொல்லிவிட்டார்.

நம் ஒன்பது பேரும் விரட்டிய அழகை நீ பார்த்திருக்க வேண்டும், இவ்வளவு மெதுவாக யாரும் செம்மறி ஓட்டியதே கிடையாது. ஆனால் முல்கண்டிப் பையன்களும் பண்ணையில் பிறந்தவர்கள்தானே, அந்தக் கண்ணராவியைப் பார்த்துக்கொண்டிருக்க அவர்களால் முடியவில்லை. "தள்ளுங்கடா, இப்படியா ஓட்டுவீங்க!" என்று வேலி தாண்டிக் குதித்தார்கள். கெர்ரி தலையில் அடித்துக்கொண்டு, "டேய் மடையனுங்களா, யாருக்குடா வேலை பாக்கறீங்க?" என்று கத்துவதற்குள் பாதி மந்தையை வெளியே கொண்டுபோய்விட்டார்கள், ப்ரோடியின் வண்டியோ இன்னும் கண்ணில் படவில்லை. மீதி பாதி கேன்டீன் பக்கத்து வாசலுக்கு வந்தபோது நான் அங்கே இறைச்சி வைத்துச் சுட்ட 'பை'களை அடுக்கிய தட்டோடு நின்றிருந்தேன். இரண்டு கையிலும் தட்டு, கதவை எப்படிச் சாத்துவேன்? எல்லாம் என்னைத் தாண்டி கேன்டீனுக்குள் புகுந்து, வெங்காய மூட்டையைக் கவிழ்த்து, பின்வழியாக மறுபடி மைதானத்துக்கே போய்விட்டன. அவற்றை இரண்டாம் முறை துரத்திக்கொண்டிருந்தபோதுதான் ப்ரோடியின் வண்டி புழுதியோடு வந்து நின்றது. நால்வரும் குளிக்காமல், ரோமப் பிசுக்கு வாடையோடு, அப்படியே சட்டையை மாற்றிக்கொண்டு இறங்கினார்கள்.

ஐம்பத்திரண்டுக்கு எட்டு என்று தோற்றோம், ஆனால் ஆட்டம் நடந்துவிட்டது என்று நம் பையன்கள் பாட்டே பாடினார்கள். தோற்றவர்கள் எதற்குப் பாடுகிறார்கள் என்று முல்கண்டிக்காரர்களுக்குப் புரியவேயில்லை. வழக்கம்போல அவர்களை உட்காரவைத்துச் சாப்பாடு போட்டோம். கெர்ரி மட்டும் மூன்றாவது சாஸேஜை எடுத்துக்கொண்டே, "அடுத்த வருஷம் நாங்க வரும்போது அந்தச் செம்மறிங்களையே வறுத்து வெச்சிடும்மா" என்றான். அடுத்த வருஷம் என்று அவன் வாயாலேயே சொன்னானே, எனக்கு அது போதும்.

இரவு அப்பா முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை நிஜமாகவே மறந்தாரா என்று நான் கேட்கவில்லை. தட்டை ஏன் கீழே வைக்கவில்லை என்று அவரும் கேட்கவில்லை.

நீ போனதால் எதுவும் இடிந்துவிடவில்லை டார்சி. நீ இருந்தபோது நன்றாக ஆடினாய், இப்போது உன் வேலையைக் கற்றுக்கொள். ஈரக் கையோடு ஒயரைத் தொடாதே. கிறிஸ்துமஸுக்கு விருந்தாளியாக வா, வேலையை விட்டுவிட்டு வந்தால் கதவைச் சாத்திவிடுவேன், அன்றைக்கு என் கையில் தட்டு எதுவும் இருக்காது.

நல்லபடியாக இரு, எங்கள் ஆசீர்வாதம் உன்னோடு இருக்கும்.

உன் அம்மா,
மெரெடித்