உப்பு மோரும் நீர் மாத்திரையும்

கும்மிடிப்பூண்டி

அன்புள்ள பேச்சி,

நீயும் சின்னவளும் சுகம்தானே? மாமாவுக்கு இருமல் நின்றதா? எனக்குக் கால் கொஞ்சம் வீங்கி, பூட்ஸ் ஏறவில்லை. போனில் சொன்னால் உடனே பஸ் ஏறிவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

மீஞ்சூர் டாக்டரம்மா ரத்தம் பார்த்துவிட்டு, கிட்னி பாதிதான் வேலை செய்கிறது என்றார். மீதியைக் காப்பாற்றிக்கொள்ளலாமாம், பயப்படாதே. பிரஷருக்கு நான் போட்டுவந்த, உடம்பு நீரைச் சிறுநீராக இறக்கும் நீர் மாத்திரை இந்தக் கிட்னிக்குச் சரியாகக் கேட்காது என்று, வீரியமான வேறொன்றுக்கு மாற்றினார். அப்படியும் வீக்கம் வடியவில்லை. "உப்பைக் குறைச்சீங்களா?" என்று கேட்டார். குழம்பில்கூட உப்பில்லை என்று சத்தியம் செய்தேன்.

மறுநாள் கம்பெனியில், இரும்பு உருக்கும் ஃபர்னஸ் பக்கம் மோர் ஊற்றும் கங்கம்மா வாளியோடு வந்தாள். "இன்னாண்ணே, இன்னொரு சொம்பு ஊத்தட்டா? அனலுக்குன்னு உப்பு தூக்கலா போட்டுக்கினு வந்துக்கிறேன்" என்றாள். அப்போதுதான் உறைத்தது. ஃபர்னஸில் நிற்கும் எங்களுக்கு மோர் என்பது தண்ணீர் மாதிரி. அதை உப்புக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. டாக்டரம்மாவிடம் சொல்லி மோரை விட்டேன். இப்போது கால் வீக்கம் வடிகிறது.

கருவாடு, ஊறுகாய் இனி வேண்டாம். உன் அண்ணனின் பழைய பெரிய செருப்பு இருந்தால் கொடுத்தனுப்பு.

போன் கேமரா கெட்டுவிட்டது என்றேனே, அது பொய். முகமும் வீங்கியிருந்தது, சின்னவள் பயந்துவிடுவாள். இப்போது பரவாயில்லை. ஷிப்டு வண்டி வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. அப்பாவுக்குக் கேமரா சரியாகிவிட்டது என்று அவளிடம் சொல்.

சேர்மதுரை