வெயில் காலத்து அப்பா

அப்பா,

நேற்று அம்மா ஒரு புடவையைக் கெடுத்துவிட்டாள். பெரியம்மா வீட்டு வளைகாப்புக்கு உடுத்த எடுத்து வைத்திருந்த நீலப் பருத்திப் புடவை. தன் இஸ்திரிப் பெட்டி சூடேறவில்லை என்று, அலமாரியின் அடித்தட்டில் கிடந்த பழைய பெட்டியை எடுத்துத் தேய்த்திருக்கிறாள். அது உங்களுடையது. அடியில் ஒட்டியிருந்த மெழுகு உருகி, முந்தானையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. நாமக்கல்லில் வேலை முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எனக்கு வாசனை வந்துவிட்டது. மெழுகும் சூடான இரும்பும் சேர்ந்த வாசனை. நீங்கள் கொல்லையில் இருக்கிறீர்கள் என்றே ஒரு கணம் நினைத்தேன்.

"உங்கப்பாரு பொட்டி புள்ள. போயும் போயும் என் சேலையத்தான் புடிச்சாரு" என்று அம்மா சிரித்தாள். பிறகு கறையை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். சோப்புப் போட ஓடவில்லை.

ஆட்டையாம்பட்டியில் வேறெந்த வீட்டிலும் இந்த வாசனை வந்திருக்காது. பங்குனி வெயில் ஏறும்போது காஷ்மீரிலிருந்து வந்து இறங்குவீர்கள். கறுப்புக் கண்ணாடி மறைத்த இடம் மட்டும் வெளுத்து, மிச்ச முகமெல்லாம் கருத்துப் போயிருக்கும். வந்த வாரமே கொல்லையில் பெஞ்சு போட்டு, பனிச்சறுக்குப் பலகைகளைக் கவிழ்த்து வைத்து, மெழுகுக் கட்டியை அந்தப் பெட்டியில் உருக்கி அடிப்பக்கம் முழுக்கப் பூசுவீர்கள். "சும்மா கெடந்தா காஞ்சு போயிரும் கண்ணு" என்பீர்கள். பூசி முடித்ததும் பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் ஏற்றிவிடுவீர்கள். அதோடு பனி போய்விடும். முறுக்கு வியாபாரம் வந்துவிடும்.

உங்களை எனக்கு வெயில் காலத்தில் மட்டும்தான் தெரியும். ராணுவத்தில் இருந்தபோது கற்ற சறுக்கை, ஓய்வு பெற்ற பிறகு குல்மார்க்கில் ஒரு பள்ளியில் குளிர்காலம் முழுக்கச் சொல்லிக் கொடுத்தீர்கள். கார்த்திகை தீபம் முடிந்ததும் கிளம்பிவிடுவீர்கள். வகுப்பில் அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டால், நான் சொல்வதை யாரும் நம்ப மாட்டார்கள். எனக்கே முழுசாக நம்பிக்கை இருந்ததா என்று தெரியவில்லை. அங்கே இருக்கும் மனிதர் எப்படி நடப்பார், யாரோடு சாப்பிடுவார், எதற்குக் கோபப்படுவார்? நீங்கள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற ஆள். எதைக் கேட்பது என்றே தெரியாமல் நான் வளர்ந்துவிட்டேன்.

அதே கேள்வியை மறுபக்கத்திலிருந்து கேட்க ஒருத்தர் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

போன சித்திரையில் பஷீர் வந்தார். குல்மார்க்கில் உங்களோடு ஒரே அறையில் தங்கியிருந்த வாத்தியார். நீங்கள் இறந்துபோன ஆனி மாதம் நான்தான் அவருக்கு ஃபோனில் செய்தி சொன்னேன். தோட்ட வேலை, அதன்பின் குளிர்கால வகுப்புகள் என்று உடனே வர முடியாமல், பனி கரைந்த கையோடு ரயிலேறி வந்திருந்தார். எனக்கு லாரி புக்கிங் ஆபீஸில் நாள் முழுக்க வடக்கத்தி டிரைவர்களோடு பேசிப் பழகிய இந்தி கைகொடுத்தது. அவருக்கும் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்து அங்கேயும் இங்கேயும் மொழிமாற்றிக்கொண்டிருந்தேன்.

துக்கம் பேசி முடித்து, காபி குடித்து, டம்ளரைக் கீழே வைத்ததும் அவர் கேட்டார்: "உங்கப்பா கோடையில என்னதான் செஞ்சாரு?"

எனக்குப் புரியவில்லை.

"எங்க எல்லாருக்கும் ஒரு கோடை இருக்கு" என்றார். "எனக்கு ஆப்பிள் தோட்டம். ஒருத்தன் டூரிஸ்ட்டுகளுக்குக் குதிரை ஓட்டுவான். ஒருத்தன் ஆத்துல ரப்பர் படகு விடுவான். இன்னொருத்தன் டெல்லியில டாக்ஸி. சாயங்காலம் அடுப்பைச் சுத்தி உக்காந்து கோடைக் கதைதான் பேசுவோம். உங்கப்பா மட்டும் 'ஊர்ல வேலை இருக்கு'ன்னு சொல்லிட்டு முறுக்கு டப்பாவைத் திறந்துடுவாரு. பெரிய ஜமீன்தாருன்னு ஒருத்தன் சொல்லுவான். ஏதோ பெரிய ஹோட்டல்ல சமையல்காரருன்னு இன்னொருத்தன். பாத்துட்டு வந்து சொல்லுன்னு எல்லாரும் என்னை அனுப்பியிருக்காங்க."

நான் தமிழில் சொன்னதும் அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். நீங்கள் போன பிறகு அவள் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. "சமீன்தாரா! டிவிஎஸ்ல டப்பா கட்டிக்கிட்டு சந்து சந்தா சுத்துன ஆளு!"

அப்புறம் உங்கள் கோடையை அவருக்குச் சுற்றிக் காட்டினோம்.

முதலில் பின்கட்டு. அம்மாவும் நான்கைந்து பெண்களும் உட்கார்ந்து மாவை விரலால் முறுக்கி வட்டமாகச் சுற்றும் இடம். சேலம், ராசிபுரம் கடைகளுக்கு டப்பா கொண்டுபோய்ப் போடுவது உங்கள் வேலை. எண்ணெய் காயும் வரை சும்மா இருக்க மாட்டீர்கள். சுவரில் முதுகைச் சாய்த்து, இல்லாத நாற்காலியில் உட்கார்ந்ததுபோல் தொடை நடுங்கும்வரை நிற்பீர்கள். "ஏனுங்ண்ணா, ஸ்டூலு எடுத்துப் போடட்டுங்களா?" என்று அந்தப் பெண்கள் தினமும் கேட்பார்கள். தினமும் சிரிப்பார்கள். பஷீர் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். உங்கள் முதுகு உரசிய இடத்தில் சுண்ணாம்பு மழுங்கியிருந்தது.

அடுத்து கஞ்சமலை. விடிந்ததும் முதுகில் மணல் பையோடு ஏறி, இறங்கும்போது பாதையை விட்டு வளைந்து வளைந்து குதித்து வருவீர்கள். விறகு பொறுக்க வந்தவர்கள் உங்களை யாரோ துரத்துகிறார்கள் என்று பதறிய கதையைச் சொன்னேன்.

அப்புறம் அந்தச் சக்கரக் கட்டை. திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறையில் இரும்புப் பட்டையை வெட்டி, டிராலிச் சக்கரங்களைப் பொருத்தி நீங்கள் செய்துகொண்டது. கால் இரண்டிலும் மாட்டிக்கொண்டு, அப்போது இன்னும் திறக்காத பைபாஸ் சாலையில் கழியை ஊன்றி ஊன்றிப் போவீர்கள். நான் சைக்கிளில் கூடவே வருவேன். ஆடு மேய்த்த அம்மா ஒருத்தர் உங்களை நிறுத்திக் கேட்டது ஞாபகம் இருக்கிறதா?

"ஏனுங்க, காலு ரெண்டுக்கும் வண்டி மாட்டிக்கிட்டு எங்கீங்க போறீங்க?"

"எங்கயும் போகலீங்க. காலு மறந்துறாம இருக்கோணுமுல்ல, அதுக்குத்தான்."

"நம்ம காலு நம்மள மறக்குமுங்களா?"

வீடு வரும்வரை அதையே சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தீர்கள். பஷீர் அந்தக் கட்டையை மாட்டிப் பார்த்தார். பனியில் புலி என்று நீங்கள் சொன்ன ஆள், நம் தெருவில் பால்காரர் வண்டி மேல் போய் விழுந்தார். ஒவ்வொரு இடத்திலும் தன் நண்பர்களுக்குக் காட்டப் படம் எடுத்துக்கொண்டார்.

கடைசியாக ராசிபுரம் சாலையில் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக்குக் கூட்டிப் போனேன். மரவள்ளிக்கிழங்கு மாவை வெயிலில் காயப்போட்டிருக்கும் களம். பனி எப்படி இருக்கும் என்று நான் நச்சரித்தபோது நீங்கள் என்னை அங்கேதான் கூட்டிப் போனீர்கள். கண் கூசும் வெள்ளை. காலணியோடு இறங்கப் போன என்னை மேஸ்திரி அதட்டினார். நீங்கள் ஒரு கை மாவை அள்ளி என் காதோரம் வைத்து அழுத்தினீர்கள். கீச்சென்று ஒரு சத்தம். "புதுப் பனியில கால வெச்சா இதே சத்தந்தான் கண்ணு. ஆனா இங்க கால் சுடுது" என்றீர்கள். பஷீருக்கும் நான் அதே மாதிரி அழுத்திக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். "இது போதும். இதை அவங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல" என்றார்.

அன்று மதியம் சாப்பாட்டின்போது அம்மா தன் கேள்வியைக் கேட்டாள். அது பல வருடக் கேள்வி.

ஒரு பங்குனியில் நீங்கள் முட்டியில் கட்டோடு வந்து இறங்கினீர்கள். மேல் சரிவில் விழுந்ததில் தசைநார் கிழிந்திருந்தது. இன்னொரு முறை விழுந்தால் நடப்பதே சந்தேகம் என்று அஸ்தம்பட்டி டாக்டர் சொல்லிவிட்டார். "இந்த வருசம் போவேண்டாமுங்க" என்றாள் அம்மா. "செரி" என்றீர்கள். மறுபேச்சே இல்லை. நம் வீட்டில் நீங்கள் இருந்த ஒரே பொங்கல் அதுதான். கரும்பு வாங்கினீர்கள், கோலத்துக்குச் செம்மண் கொண்டுவந்தீர்கள், விருந்தாளி மாதிரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். ஒரு நாள் காலை அம்மா கொல்லைப்புறம் போனபோது, நீங்கள் பனிக் காலணியை மாட்டிக்கொண்டு, துவைக்கிற கல் பக்கத்தில் சும்மா நின்றிருந்தீர்கள். அவளைப் பார்த்ததும் குனிந்து கழற்ற ஆரம்பித்தீர்கள்.

"இங்க இருந்துக்கிட்டு அங்க இருக்கறதுக்கு, அங்கயே போயி இருங்க. அடுத்த வருசம் போயிட்டு வாங்க. மேல மட்டும் ஏறாதீங்க" என்றாள் அம்மா.

"ஏறமாட்டேன் புள்ள."

அடுத்த வருடம் போனீர்கள். அதன்பின் ஒவ்வொரு குளிர்காலமும் அம்மா ஃபோனில் கேட்பாள்: "மேல போகலீல்ல?" "இல்ல" என்பீர்கள். ஃபோனை வைத்ததும், "பொய்யி. அந்த மனுசனால ஏறாம இருக்க முடியுமா?" என்பாள். அந்த மாதங்களில் ஃபோன் அடித்தாலே அவள் முகம் மாறிவிடும்.

"நெசத்தைச் சொல்லுங்க" என்றாள் பஷீரிடம். "இப்பச் சொன்னா ஒண்ணுமில்ல. மேல ஏறுனாருங்களா?"

நான் கேட்டுச் சொன்னேன். பஷீர் சாப்பாட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"ஒரு நாளும் இல்லை, அண்ணி. கீழ இருக்கற பொடிசுங்க சரிவுலதான் இருந்தாரு. விழற குழந்தைகளைத் தூக்கி நிறுத்திக்கிட்டு. நான்கூடக் கேலி செஞ்சிருக்கேன். ஒரு தடவை, வானம் தெளிஞ்சு, நல்ல பனி விழுந்திருந்தது. வா, ஒரே ஒரு ரவுண்டுன்னு கையைப் புடிச்சு இழுத்தேன். வீட்ல சொல்லிட்டு வந்திருக்கேன்னாரு. அவ்வளவுதான்."

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள். ரசத்தோடு திரும்பி வந்து, அவர் இலையில் ஊற்றிக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னாள்: "ஒருக்காவாச்சும் போயிருக்கலாமுல்ல. நானென்ன எட்டியா பாக்கப் போறேன்?" அதை நான் இந்தியில் சொல்லவில்லை. பஷீருக்குப் புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இந்தத் தை மாதம் நான் அங்கே போனேன் அப்பா. அம்மாவையும் கூப்பிட்டேன். "கல்யாண ஆர்டரு கெடக்குது. நீ போயி பாத்துட்டு வந்து சொல்லு" என்று, பஷீருக்கும் மற்றவர்களுக்கும் முறுக்கு டப்பாக்களைக் கொடுத்து அனுப்பி வைத்தாள்.

பஷீர் என்னை நீங்கள் நின்ற சரிவுக்குக் கூட்டிப் போனார். அவ்வளவு சின்ன இடம் என்று நான் நினைத்திருக்கவில்லை. நம் ஏரிக்கரைச் சரிவை விடக் கொஞ்சம் பெரிசு. அங்கே இப்போது ஓர் இளம்பெண் சொல்லிக் கொடுக்கிறாள். குழந்தைகள் வரிசையாக வாத்து நடை நடந்து ஏறிச் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். சிவப்புக் குல்லாப் போட்ட ஒரு பொடியன் வேகம் பிடித்துவிட்டான். கை ரெண்டும் காற்றில் அலைய, ஓரத்துக் கயிற்றை நோக்கி நேராகப் போனான். அந்தப் பெண் கீழேயிருந்து தொண்டை கிழியக் கத்தினாள்:

"உக்காரு சாமி! உக்காரு!"

பையன் பொத்தென்று உட்கார்ந்தான். பனி சிதறியது. நின்றுவிட்டான்.

நான் அவளிடம் போய் இந்தியில் கேட்டேன். "இப்ப என்ன சொன்னீங்க?"

"வேகம் கட்டுக்கு மீறினா உடனே உக்காந்துடணும். அதுக்குச் சொல்றது."

"அது என்ன மொழி?"

அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள். "பனிச்சறுக்கு வார்த்தைதான். எங்க வாத்தியார் சொல்வாரு. இங்க எல்லாருமே அப்படித்தான் சொல்றோம்."

பஷீரைப் பார்த்தேன். அவரும் அது ஏதோ ராணுவத்துச் சொல் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தாராம். அது தமிழ் என்று நான் விளக்கினேன். 'சாமி' என்பது எங்கள் ஊரில் குழந்தையைக் கூப்பிடும் சொல், பெரியவர்களைக் கூப்பிடுவதும் அதே சொல், கோயிலில் இருப்பதையும் அப்படித்தான் கூப்பிடுவோம் என்றேன். பிறகு அந்தப் பெண் தனக்குள் ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் எனக்கும் பலகை மாட்டிவிட்டார்கள். அந்தப் பொடிசுகளுக்கு நடுவில் நான். நாலடி போனதும் வேகம் என் கையை மீறியது. பின்னாலிருந்து அதே குரல் என்னைப் பார்த்துக் கத்தியது. உட்கார்ந்தேன். எழுந்திருக்க எனக்கு அவசரம் இருக்கவில்லை.

ஊருக்கு வந்ததும் அம்மா முதலில் கேட்டது, "அங்க எப்பிடிம்மா இருந்திருக்காரு?" என்பதுதான். நடந்ததைச் சொன்னேன்.

"தமிழ்லயா கத்துனாரு? அத்தனை வருசம் இந்தி பேசுன மனுசன்?"

"அவசரத்துக்கு இந்தி வரலையோ என்னமோ."

அம்மா மாவைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு, "அப்ப அங்கயும் நம்மாளாத்தான் இருந்திருக்காரு" என்றாள்.

அந்தக் காஷ்மீரத்துப் பெண் 'உக்காரு' என்பதை நீங்கள் இழுக்கிற மாதிரியே இழுக்கிறாள் அப்பா. நடுவில் 'கா' கொஞ்சம் நீண்டு, கடைசியில் தணிகிறது. அதை எழுத்தில் எப்படிக் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. காலையில் நாமக்கல்லுக்கு ஸ்கூட்டரில் போகும்போது, சாலையில் ஆள் இல்லாத இடமாகப் பார்த்து, ஹெல்மெட்டுக்குள் சத்தமாக ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். எனக்கு இன்னும் அவள் அளவுக்குச் சரியாக வரவில்லை.