அம்மா சொன்ன சைபர்

சேரம்பாடி
12.6.2024, இரவு

அன்புள்ள ஷைனா அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள். டாக்டருக்கும் வேண்டாம். படித்ததும் கிழித்துவிடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

இதே உறைக்குள், ஆய்வுக்காக நீங்கள் கொடுத்தனுப்பிய அட்டை இருக்கிறது. வலி எவ்வளவு என்ற இடத்தில் 0 என்று போட்டிருக்கிறேன். அது பொய். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "சைபர் போடு. பெருசா போடு, டாக்டர் கண்ணுல படற மாதிரி" என்று போட வைத்தார். உண்மையில் எட்டு. சில ராத்திரி பத்து. பக்கத்து வீட்டுக் கருப்பம்மா அக்காவுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று முந்தானையைச் சுருட்டி வாயில் கடித்துக்கொள்கிறார்.

அன்றைக்குக் கூடலூர் ஆஸ்பத்திரியில், அவசரப் பிரிவின் தரையில் அம்மா உருண்டபோது நர்ஸ்களில் நீங்கள்தான் வந்து கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "ரெண்டுமே வலி மருந்துதான், எது சீக்கிரம் கேக்குதுன்னு பாக்குறோம், விருப்பம் இருந்தா மட்டும் கையெழுத்துப் போடுங்க" என்றீர்கள். ஊசி போட்டு அரைமணி ஆகவில்லை, அம்மா எழுந்து உட்கார்ந்து, "காப்பி கிடைக்குமாங்க?" என்று கேட்டார். நாம் மூவரும் சிரித்தோமே. அந்த ஊசி சிறுநீரகக் கல்லையே கரைத்துவிட்டது என்று அம்மா எங்கள் எஸ்டேட் லைன் வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டார். "முட்டிவலிக்கும் அதைப் போடுவாங்களாடி?" என்று கருப்பம்மா அக்கா கேட்கிறார். இப்போது வரும் வலியைச் சொன்னால் அம்மா, "கல்லு போயிருச்சு, அது இருந்த எடம் நோவுது, ஆறிப்போகும்" என்கிறார்.

போன் அம்மாவிடம் இருக்கிறது. அதற்கும் மேலே பேக்டரி மேட்டுக்குப் போனால்தான் சிக்னல். பதிலை என் பள்ளி விலாசத்துக்குப் போடுங்கள்.

உங்கள்,
ஆன்சி


கூடலூர்
17.6.2024

ஆன்சி மோளே,

யாருக்கும் காட்டவில்லை. ஆனால் கிழிக்க மனம் வரவில்லை.

ஊசி வலியை மட்டும்தான் அமர்த்தும். கல் கரையவில்லை, இருந்த இடத்தில்தான் இருக்கிறது. அது வழியை அடைத்துவிட்டால் சிறுநீரகமே கெட்டுப்போகும். அம்மாவை உடனே கூட்டி வா. அதுவரை நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்.

ஒன்றை மட்டும் மறக்காதே. வலி சட்டென்று நின்று குளிர்காய்ச்சல் வந்தால் குணமாகிவிட்டது என்று நினைக்காதே. அதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்து. அந்த நிமிடமே கிளம்பி வரவேண்டும்.

உன் அட்டையை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருக்கிறேன். அந்த 0-வை நம்பித்தான் அடுத்து வருகிறவர்களுக்கு எந்த மருந்து நல்லது என்று முடிவு செய்வார்கள்.

அன்புடன்,
ஷைனா


சேரம்பாடி
21.6.2024, இரவு

அன்புள்ள அக்கா,

அம்மா தூங்கிய பிறகு போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன்.

தண்ணீர் குடிக்கச் சொன்னீர்கள். தேயிலைக் கொழுந்து பறிக்கிற காட்டில் கக்கூஸ் கிடையாது. அதனால் எந்தப் பெண்ணும் வேலை முடியும்வரை தண்ணீர் குடிப்பதில்லை. வீட்டுக்கு வந்து குடிக்கலாமே என்பீர்கள். கக்கூஸ் லைன் கடைசியில், பலாமரத்துக்குப் பக்கத்தில். பழம் பழுத்துக் கிடக்கிறது. இருட்டினால் கொம்பன் யானை வந்து நின்றுகொள்கிறது. "பகல்ல மேஸ்திரி, ராத்திரி கொம்பன். எப்பங்கிறேன் நான் தண்ணி குடிக்கிறது?" என்று அம்மா சிரிக்கிறார்.

ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார். காலில் விழுந்து பார்த்துவிட்டேன். "சீக்காளின்னு தெரிஞ்சா பேரை வெட்டிருவாங்க. பேரு போனா எஸ்டேட் குடுத்த ஊடு போச்சு. அப்பனும் இல்லாத புள்ள, உன்னை எங்க கொண்டுபோய் வெச்சுப் படிக்க வைப்பேன்? ப்ளஸ் டூ முடிக்கிற வரைக்கும் பல்லைக் கடிச்சுக்குவேன்" என்கிறார். என் படிப்புக்காகத்தான் அந்த முந்தானையைக் கடிக்கிறார் என்றால் எனக்கு எதற்கு அக்கா இந்தப் படிப்பு?

அன்றைக்குப் போட்ட ஊசியின் பெயரை மட்டும் எழுதுங்கள். எப்படியாவது கடையில் வாங்கிவிடுகிறேன். உங்களைத் தவிர எனக்குக் கேட்க யாரும் இல்லை.

ஆன்சி


கூடலூர்
25.6.2024

ஆன்சி மோளே,

அந்த ஊசியின் பெயர் எனக்கும் தெரியாது. இரண்டு மருந்தும் ஒரே மாதிரி இருக்கும், மேலே எண் மட்டும்தான். போடுகிறவளுக்குத் தெரியக்கூடாது என்பதுதான் இந்த ஆய்வின் விதி. தெரிந்திருந்தாலும் சொல்லமாட்டேன். வலியை மூடி வைக்க உனக்கு நான் உதவ முடியாது.

உன் கடிதங்களை டாக்டரிடம் காட்டிவிட்டேன். நேற்றெல்லாம் யோசித்தேன், வேறு வழி தெரியவில்லை. அம்மாவை உடனே அனுப்பி வைக்கும்படி உங்கள் எஸ்டேட் டிஸ்பென்சரிக்கு அவர் போன் செய்திருக்கிறார். என்னை வெறுத்துக்கொள். ஆனால் அம்மாவைக் கூட்டி வா.

ஷைனா


சேரம்பாடி
27.6.2024, இரவு

ஷைனா அக்கா,

காட்டாதீர்கள் என்று கெஞ்சினேனே.

இன்று காட்டில் எல்லோர் முன்னாலும் நெல்சன் மேஸ்திரி, "ஏம்மா ஜெஸிந்தா, ஒடம்புக்கு என்னமோன்னு ஆஸ்பத்திரில இருந்து போன் வந்துச்சாமே? முடியலைன்னா வேலைய விடறதா எழுதிக் குடுத்துட்டுப் போம்மா" என்றாராம். அம்மா கொழுந்து மூட்டையைத் தலைக்குத் தூக்கிக் காட்டி, "யாருக்குங்க சார் முடியலை? நீங்க ஒண்ணு தூக்குங்க பாக்கலாம்" என்றாராம். பெண்கள் எல்லாம் சிரித்தார்களாம். கருப்பம்மா அக்கா சொன்னார்.

வீட்டுக்கு வந்து அம்மா என்னை அடிக்கவில்லை. "யாருகிட்டடி சொன்னே?" என்று ஒரு தடவை கேட்டார். நான் யாரிடமும் இல்லை என்றேன். அப்படியே போய்ப் படுத்துவிட்டார்.

இப்போது உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிறது. கட்டில் கருப்பம்மா அக்கா வீட்டுப் பக்கச் சுவரில் இடிக்கிறது. இருக்கிற கம்பளி எல்லாம் போர்த்திவிட்டேன். தொட்டால் சுடுகிறது, பல் கிட்டுகிறது. வலி எத்தனைம்மா என்று கேட்டேன். கண்ணைத் திறக்காமல், "சைபர்" என்றார். நிஜமாகச் சொல்லும்மா என்றேன். "நிஜமாத்தான்டி, சுத்தமா இல்ல. பாத்தியா, ஆறிப்போச்சு" என்றார். முகத்தில் ஒரு சிரிப்பு. இந்த முறை பொய் இல்லை அக்கா. எனக்கு அம்மாவின் பொய் தெரியும்.

நீங்கள் எழுதியது ஞாபகம் இருக்கிறது. அந்த நிமிடமே என்றீர்கள். பலாமரத்துப் பக்கம் கிளை ஒடிகிற சத்தம் கேட்கிறது. பேக்டரி மேட்டுக்கு அந்த வழியாகத்தான் போகவேண்டும். கருப்பம்மா அக்காவைக் கூப்பிடப் போனால் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறார். "விடியட்டும், வேலைக்குப் போகணும்." அந்தக் கை என் இடது கையில் இருக்கிறது. வலது கையால் எழுதுகிறேன். எழுதுவதைத் தவிர என்ன செய்வதென்று தெரியவில்லை. இது உங்களுக்கு வந்து சேரும்போது

அதை எழுத முடியவில்லை.

நான் சொன்னதை விட்டுவிடுங்கள் அக்கா. காட்டுங்கள். டாக்டருக்கு, நெல்சன் மேஸ்திரிக்கு, எஸ்டேட் ஆபீசுக்கு, எல்லோருக்கும் காட்டுங்கள். வீடு போகட்டும். அம்மாவின் கை நழுவுகிறது. பிடி இல்லை. நான்தான் இப்போது அதைப் பிடித்து

யாரோ கதவைத் தட்டுகிறார்கள், கட்டில் சத்தம் கேட்டு வந்த கருப்பம்மா அக்காவாகத்தான் இருக்கும். அம்மாவின் உதடு திறக்காதே என்கிறது. மறுபடியும் தட்டுகிறார்கள். அக்கா, நான் எழுந்து