துண்டு வீசி அளக்கிறோம்

10.9.1977

அப்பாவுக்கு மகனின் வணக்கம்.

நான் சுகம். அம்மாவின் கால் வீக்கம் வற்றிவிட்டதா? தமிழரை அடிக்கிறார்கள் என்ற கலவரச் செய்தி கேட்டுப் பயப்பட வேண்டாம்.

வீதி அளக்கும் எங்கள் பொறியியல் மாணவர் குழுவில் மற்ற மூவரும் சிங்களவர்; நான் ஒருவன்தான் தமிழன். செவ்வாயன்று, அளவுகோல் பிடித்து நின்ற விஜேபாலவிடம் வாய்தவறித் தமிழில், “இங்கால சரிச்சுப் பிடி!” என்று கத்திவிட்டேன். சந்தியில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

என் சிங்களமே என்னைக் காட்டிக்கொடுக்குமாம்; நான் மட்டும் ஊமையாக நின்றாலும் சந்தேகம் வருமாம். இனி நால்வருமே பேசாமல் வேலைசெய்வோம் என்றான் விஜேபால. நம் சல்லி ஊர்க் கடற்கரையில் நின்று நீங்கள் துண்டு வீசித் தோணிக்குத் திசை காட்டுவதைச் சொல்லிக்கொடுத்தேன். இப்போது அப்படித்தான் அளக்கிறோம்.

வெள்ளைத் துண்டு இரண்டு அனுப்புங்கள். விலாசத்தில் விஜேபாலவின் பெயரைப் போடுங்கள். உள்ளே தமிழில் நிறைய எழுதுங்கள். லொறி வந்துவிட்டது.

உங்கள் மூத்தவன்

பெயர் எழுதவில்லை. என் கையெழுத்துத் தெரியும்தானே, அப்பா?