நல்லது பக்கம், கெட்டது பக்கம்

நவ. 11, செவ்வாய்

மன்னிச்சுக்கோ நோட்டே, இன்னைக்கும் ரொம்ப லேட். எல்லாரும் தூங்கினப்புறம்தான் எனக்குன்னு கொஞ்ச நேரம் கிடைக்குது. அதுக்குள்ள கண்ணு சொருகுது.

நாள் முழுக்க மழை. பாப்பா துணியெல்லாம் ஃபேன் அடியில. வீடே ஈர நாத்தம். பாப்பாவுக்கு இருமல். நெஞ்சுச் சளியா, தொண்டையா? ரெண்டு தரம் முதுகுல காது வச்சுக் கேட்டேன். ஒண்ணும் புரியல.

வேலைக்கு எழுதிப் போட்டிருந்த அம்பத்தூர் எஸ்டேட் டிசைன் ஸ்டூடியோவிலிருந்து ஹேமா மேடம் மெசேஜ்: "பயோடேட்டா பாத்தாச்சு. இனி நீங்க செஞ்ச டிசைனைப் பாக்கணும். எல்லாத்தையும் ஒரு வெப்சைட்ல போட்டு லிங்க் அனுப்புங்க. ஞாயிறுக்குள்ள."

வாரத்துல ரெண்டு நாள்தான் ஆபீஸ், மிச்சம் வீட்டிலிருந்து. இப்படி ஒண்ணு இனிமே வராது. இது போச்சுன்னா பாப்பா ஸ்கூல் போற வரைக்கும் நான் வீட்டோட.

அந்த ரெண்டு நாள் பாப்பாவைப் பாத்துக்க, இதே குவார்ட்டர்ஸ்ல எதிர்வீட்டு விஜயா அக்காகிட்ட சொல்லியாச்சு. ப்ளவுஸ் தைக்கிறவங்க, எப்பவும் வீட்ல இருப்பாங்க. "கொயந்த எப்பவும் இங்கதான கீது. நீ போய்க்கினு வா."

ஆக, பாக்கி இந்த வெப்சைட் ஒண்ணுதான். இலவசமா கிடைக்கிற ரெடிமேட் பக்க அமைப்புல மூணு தேறும்.

1. கட்டம் கட்டமா. எல்லாம் சின்னச் சதுரம். நிறைய வேலை செஞ்சவ மாதிரி காட்டும்.
2. ஒரே நீளப் பக்கம். ஒவ்வொண்ணுக்கும் கதை எழுதணும். யாரு எழுத.
3. வருஷவாரி. அழகு இதுதான். ஆனா பாப்பா பிறந்த வருஷத்துக்கப்புறம் ஆபீஸ் வேலை ஒண்ணுமே இல்லைன்னு பல்லிளிக்கும்.

இவர் ஃபேக்டரியிலிருந்து வந்து மூணையும் பாத்தார். "எல்லாமே நல்லாத்தானே இருக்கு?" உதவி முடிஞ்சது.

நவ. 12, புதன்

மழை விட்டு விட்டு. பாப்பா அரை தோசை. மத்தியானம் எதுவும் இறங்கல.

போட வேண்டியது:
- ஊறுகாய் பாட்டில் லேபிள், சத்துமாவு பாக்கெட் (பழைய ஆபீஸ்)
- சர்ச் அசன விழா (ஊர்ச் சாப்பாடு) நோட்டீஸ்
- பக்கத்து பிளாக் காதுகுத்து பேனர்
- தீபா கல்யாணப் பத்திரிகை. விஜயா அக்கா பொண்ணு. கார்த்திகைக் கடைசியில பூந்தமல்லி மண்டபத்துல கல்யாணம். பத்திரிகையோட பார்டர், அக்கா ப்ளவுஸ்ல கையால போட்ட ஆரி வேலையைப் பாத்து அப்படியே வரைஞ்சது
- அப்பா போஸ்டர்

கடைசியை எழுதிட்டு ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தேன்.

பாப்பா பிறந்து ஒன்பதாம் நாள் பாளையங்கோட்டையில அப்பா போயிட்டாங்க. ஆபரேஷன் தையல் பிரிஞ்சிடும்னு யாரும் என்னை ரயில் ஏற விடல. தம்பி போன்ல: "அக்கா, போஸ்டருக்கு பிரஸ்ல ஃபைல் கேக்கான்." படுத்த வாக்குல லேப்டாப்பைப் பக்கத்துல இழுத்து வச்சு செஞ்சேன். புறா வேண்டாம், அழுற கண்ணு வேண்டாம். அப்பா முகம், பேரு, அதுக்குக் கீழ முழுக்க வெள்ளை. பிரஸ்காரர் தம்பிகிட்ட, "இம்புட்டு எடம் சும்மால்லா கெடக்கு, ஒரு மெழுகுவத்தியாவது போடலாம்லா" அப்படின்னாராம்.

நான் போகல. போஸ்டர்தான் போச்சு.

நான் செஞ்சதுலயே நல்லா வந்தது அதுதான். போடாம இருக்க முடியாது.

கட்டம் அமைப்புதான், முடிவு பண்ணியாச்சு. பத்திரிகை மேல் வரிசையில, அப்பா கீழ் வரிசையில. வேணும்னே தள்ளித் தள்ளித்தான் வச்சேன். அந்த அளவுக்கு ஒண்ணும் தெரியாதவ இல்ல.

நவ. 13, வியாழன்

பாப்பாவை டாக்டர்கிட்ட கூட்டிப் போனேன். ஆவடி மார்க்கெட் ரோடெல்லாம் தண்ணி. கிளினிக்ல பக்கத்துல ஒரு அம்மா: "டாக்டர் வந்துகினே கீறாராம். காலையிலேர்ந்து வந்துகினே கீறாரு." நெஞ்சுல சளி இல்லையாம். இருந்தாலும் நாலு மருந்து.

சாயங்காலம் வெப்சைட் ஏத்தியாச்சு. அக்காவுக்கு லிங்க் அனுப்பினேன். எதிர்வீட்டிலிருந்தே குரல்: "எம் பொண்ணு பேரு நெட்ல வந்துகீது!" ரொம்ப நாளைக்கப்புறம் வயிறு நிறைய சாப்பிட்டேன்.

நவ. 14, வெள்ளி

எல்லாம் போச்சு.

காலையில அக்கா வாசல்ல. கழுத்துல இஞ்ச் டேப், கையில போன்.

"இன்னாமா இது? அறிவு கீதா ஒனக்கு? எம் பொண்ணு கல்யாணப் பத்திரிகை, அதுக்கு நேர் கீழ சாவு போஸ்டர்! சம்மந்தி ஊட்டுக்கு வேற அனுப்பித் தொலைச்சிட்டேன். திருமழிசையிலேர்ந்து மாப்ள அம்மா போன் பண்ணி, 'இன்னாங்க, ரெண்டுத்தையும் சேத்து அனுப்பிகீறீங்க'ன்னு கேக்குது. எம் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

வாங்கிப் பாத்தேன். லேப்டாப்ல மூணு மூணு கட்டமா நின்னது, போன்ல இடம் பத்தாம ரெண்டு ரெண்டா மாறிக்கிச்சு. வரிசை தானா கலைஞ்சு பத்திரிகைக்கு நேர் கீழ அப்பா வந்துட்டாங்க. இத்தனை வருஷம் இந்த வேலை பாத்தவ, ஒரே ஒரு தடவை போன்ல திறந்து பாக்கல. ஹேமா மேடமும் போன்லதானே பாப்பாங்க?

"அக்கா, உடனே மாத்திடறேன்."

"ஒண்ணும் மாத்தவாணாம். பத்திரிகைய எட்து கடாசு. நல்லதையும் கெட்டதையும் ஒரே தட்டுலயா வைப்பாங்க?"

பாப்பா ஓடிப்போய் "பெரிம்மா"ன்னு காலைக் கட்டிக்கிச்சு. அக்கா தூக்கல. இப்படி நடக்கறது இதுதான் முதல் தடவை.

அது யாரு போஸ்டர்னு சொல்ல வாய் வரல. சொன்னா மன்னிப்பு கேக்கற மாதிரியும் இருக்கும், சண்டை போடற மாதிரியும் இருக்கும்.

இவர்: "அப்பா போஸ்டரை எடுத்துடேன், பிரச்சினை தீர்ந்துச்சு."
நான்: "பத்திரிகையை எடுத்துடறேன்."
"எடுத்தா அக்கா கோபம் தீந்துடுமா? பாப்பாவை யாரு பாத்துக்குவா?"
வெப்சைட்டை மூடி வச்சுட்டேன். ராத்திரி சாப்பாடு வேண்டாம்னுட்டேன்.

நவ. 15, சனி

மழை இல்ல. எதிர்வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது. என்னைக்கும் சாத்த மாட்டாங்க. உள்ள தையல் மிஷின் சத்தம் மட்டும். பாப்பா அந்தக் கதவையே பாத்துக்கிட்டு. கூப்பிடல, பாத்துச்சு அவ்ளோதான். அது இன்னும் கஷ்டமா இருந்தது.

நாலு அமைப்பு போட்டுப் பாத்து நாலையும் அழிச்சேன். காய் நறுக்கறப்ப அக்கா சொன்னது திரும்பத் திரும்ப மண்டையில. நல்லது, கெட்டது. இந்த குவார்ட்டர்ஸ்ல என்னைப் பத்தி அப்படித்தானே சொல்றாங்க: "நல்லது கெட்டதுன்னா அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு, டிசைன் பண்ணிக் குடுக்கும்." மூணு வருஷமா நான் செஞ்ச வேலைக்குப் பேரே அதுதான்.

கத்தியைக் கீழ வச்சுட்டு லேப்டாப்.

முதல் பக்கத்துல என் பேரு. அதுக்குக் கீழ ரெண்டே வார்த்தை. நல்லது. கெட்டது. விரல் வைக்கிற அளவுக்குப் பெருசா. வேற ஒண்ணும் கிடையாது. நல்லதைத் தொட்டா தீபா பத்திரிகை, காதுகுத்து, அசனம், ஊறுகாய் கூட. கெட்டதைத் தொட்டா அப்பா மட்டும், போன் அகலத்துக்கு. கீழ தள்ளத் தள்ள வெள்ளை.

என் போன், இவர் போன், பாப்பா விளையாடற உடைஞ்ச போன், எல்லாத்துலயும் பாத்தாச்சு. ரெண்டும் எங்கயும் ஒண்ணா வரல.

சாயங்காலம் போய்க் கதவைத் தட்டினேன். அக்கா நிமிரவே இல்ல. பட்டனுக்குக் காஜா எடுத்துக்கிட்டே, "காட்டு." நல்லது பக்கத்தைப் பாத்தாங்க.

"பார்டர் என்னுதுன்னு எழுதிகீறியா?"

"ஆமாக்கா. 'ஆரி வேலை: விஜயா'ன்னு இருக்கு பாருங்க."

அப்புறம் அவங்க கட்டைவிரல் கெட்டது பக்கம் போச்சு. "அக்கா, வேணாம்..." தொட்டுட்டாங்க. பேரைப் படிச்சாங்க. மெதுவா.

"இது உன் நைனாவா?"

"ம்."

"ஆபரேசன் பண்ணிகினு கெடந்தியே, அப்பவா?"

"ஆமா."

"சொல்றதுக்கு இன்னா ஒனக்கு?"

அக்கா கீழ வரைக்கும் தள்ளிப் பாத்தாங்க, அந்த வெள்ளை முடியற வரைக்கும்.

"நல்லா கீறாரு. காத்தோட்டமா வச்சிகீற." அப்புறம் கறாரா: "அதுக்காக எம் பொண்ணு பக்கத்துல வைக்க முடியாது."

"தெரியும்கா."

"சம்மந்தி ஊட்டுக்கு நானே அனுப்பிக்கிறேன். கெட்டதத் தொடாதீங்கன்னு சொல்லிடறேன்."

"சொன்னா அதைத்தான்கா முதல்ல தொடுவாங்க."

சிரிச்சுட்டாங்க. "போய் கொயந்தைய இட்டா. மொளகு ரசம் வச்சிகீறேன், இருமலுக்கு நல்லது."

நவ. 16, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகல. உடம்பு முழுக்க வலி. பாப்பா இருமல் பரவாயில்ல. அக்கா ரசத்துல சோறு பிசைஞ்சா மட்டும் எப்படித்தான் இறங்குதோ.

இவர்: "எல்லாம் சரி. ஆனா வேலை கேக்கற இடத்துல முதல் பக்கத்துலயே கெட்டதுன்னா..." அவர் பயம் நியாயம்தான். எனக்கும் காலையிலிருந்து அதே பயம். பிஸ்கட் பாக்கெட் டிசைன் பண்ற இடம், சாவு போஸ்டரைப் பாத்து என்ன நினைப்பாங்க? ரெண்டு தரம் அந்த வார்த்தையை எடுத்தேன். எடுத்தா பக்கம் ஒரு பக்கமா சாஞ்சு நிக்குது. திரும்ப வச்சேன்.

என்ன அனுப்பினோம்னு நாளைக்குக் குழம்புவேன். அதனால இங்க எழுதி வைக்கிறேன்:

"ஹேமா மேடம், லிங்க் கீழ இருக்கு. மூணு வருஷமா ஆபீஸ் போகல. இதுல நிறைய, அப்ப வீட்டிலிருந்தே அக்கம்பக்கத்துக்குச் செஞ்சது. போன்லயே பாருங்க, போனுக்குன்னுதான் அமைச்சிருக்கேன். கெட்டது பக்கத்துல ஒண்ணுதான் இருக்கு. அதை மட்டும் கடைசி வரைக்கும் தள்ளிப் பாருங்க. வாரம் ரெண்டு நாள் என்னால வர முடியும், குழந்தையைப் பாத்துக்க ஆள் இருக்காங்க. வேண்டாம்னாலும் சொல்லிடுங்க மேடம். சீக்கிரம் ஒரு பதில் போடுங்க."